பெருங்குடல் எடுத்த பிள்ளையை மலைக்குக் கூட்டிட்டுப் போறோம்: தொற்று வருதான்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

மலைச்சித்தப்பா (மாலை 6:10)
அண்ணன் மகளுக்கு 11 வயசு, 30 கிலோ. அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடல்ல புண் வர்ற நோய்) மருந்துக்கு அடங்கல. பெருங்குடலை எடுத்துட்டு, மலக்குடலை மட்டும் உள்ளேயே மேல்முனையை மூடி விட்டிருக்காங்க. வலது பக்கம் வயித்துல சிறுகுடல் வாய் வெச்சுப் பை மாட்டியாச்சு. ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்கு 7ஆம் நாள். நாளன்னைக்கு டிஸ்சார்ஜ்ங்கிறாங்க. வீடு ஏற்காட்டுக்கு மேல நாகலூர்.

ஸ்டீராய்டு இப்ப 20 மி.கி., வாரவாரம் குறைக்கச் சொல்லியிருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி இன்ஃப்ளிக்ஸிமாப் (எதிர்ப்புச் சக்தியை அடக்கற ஊசி) 3 டோஸ் போட்டது. வீட்டுல தெர்மாமீட்டர் இருக்கு. காய்ச்சல் வந்தாக் கூட்டிட்டு வாங்கன்னு சீட்டுல எழுதியிருக்கு. அது மட்டும் போதுங்களா?

நூலும்_ஊசியும் (மாலை 6:42)
போதாது. ஸ்டீராய்டு ஓடும் குழந்தைக்குக் காய்ச்சல் கடைசியாகத்தான் வரும். சில சமயம் வராமலே போகும். வயிற்றுக்குள் சீழ் சேர்ந்திருந்தாலும், அமுக்கிப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருக்கலாம். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது. காய்ச்சல், வலி, சிவப்பு எல்லாமே அழற்சியின் அடையாளங்கள், அவையும் சேர்ந்து அடங்கிவிடும்.

முதலில் மாறுவது நாடி. நாளைக்கும் நாளன்றைக்கும் குழந்தை தூங்கும்போது, முழுசாக ஒரு நிமிடம், மணிக்கட்டில் எண்ணி எழுதி வையுங்கள். அதுதான் அவளுடைய கணக்கு. வீட்டில் தூக்கத்தில் அதைவிட 20, 25 கூடி, ஒரு மணி நேரம் கழித்து எண்ணினாலும் இறங்காமல் இருந்தால் போன் செய்ய வேண்டும். விழித்துப் படுத்திருக்கும்போது 120க்கு மேல் நின்றால் போன் செய்துகொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி சுமார் 10 ஏறும். காய்ச்சலே இல்லாமல் நாடி மட்டும் 30 ஏறினால், உள்ளே சீழோ உடம்பில் தண்ணீர் வற்றலோ இருக்கலாம். இரண்டில் எது என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் ஆஸ்பத்திரிதான்.

தெர்மாமீட்டரையும் விட்டுவிட வேண்டாம். 100.4 ஃபாரன்ஹீட் என்பது சாதாரணக் குழந்தைக்கான கோடு. இவளுக்கு 99.5 இரண்டு முறை வந்தாலே நாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலைச்சித்தப்பா (மாலை 6:50)
நன்றிங்க டாக்டர். குடலையே எடுத்தாச்சு, இனி உள்ள எங்க இருந்து தொற்று வரும்? தையல்ல மட்டும்தான்னு நினைச்சோம்.

நூலும்_ஊசியும் (மாலை 7:15)
மூன்று இடம்.

ஒன்று, வெளித்தையல். பெரும்பாலும் 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் தெரியும். 30 நாள் வரை அறுவைத் தொற்றுக் கணக்கில்தான் சேரும். நீங்கள் வீட்டுக்குப் போவதே 9ஆம் நாள். அதாவது வார்டில் பார்த்திருக்க வேண்டியதை நீங்கள் வீட்டில் பார்க்கப் போகிறீர்கள்.

இரண்டு, வயிற்றுக்குள் சேரும் சீழ். ஈரலுக்கு மேல், உதரவிதானத்துக்குக் கீழே சேர்ந்தால் வலது தோள்பட்டை வலிக்கும், நிற்காத விக்கல் வரும். இடுப்புக் குழிக்குள் சேர்ந்தால் சிறுநீர் கழிக்கும்போது வலி, மலம் வருவது போன்ற முக்கல்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: மூடி விட்ட மலக்குடல் முனை. மூன்று கட்ட ஆபரேஷனில் இந்த முதல் கட்டத்தில் குடலோடு குடலை இணைக்கவில்லை, அதனால் இணைப்பு கசியும் என்ற பயம் இல்லை. ஆனால் மூடின முனை பிரியலாம். அந்த மலக்குடலில் நோய் இன்னும் இருக்கிறது, சளியும் ரத்தமும் ஊறிக்கொண்டேதான் இருக்கும். வெளியே போக வழியில்லாமல் தேங்கினால் அழுத்தம் கூடி முனைத் தையல் விட்டுப்போகும். அதற்காகத்தான் முதல் சில நாள் ஆசனவாய் வழியாக ஒரு குழாய் வைப்பார்கள். இப்போது அவளுக்குக் கொஞ்சம் சளி, ரத்தக்கறை வந்தால் பதற வேண்டாம், அது வரத்தான் செய்யும். நாற்றத்தோடு சீழ், அடிவயிற்று வலி, அல்லது தினமும் வந்துகொண்டிருந்த சளி திடீரென்று நின்று வலி கூடுவது, இவைதான் ஆபத்து.

டிஸ்சார்ஜுக்கு முன் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து 2, 3ஆம் நாள் உச்சம் போய் அப்புறம் இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டிருந்தது மறுபடி ஏறினால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் ஸ்கேன் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

பைமாத்து_அக்கா (இரவு 7:48)
தம்பி, பை பத்தி யாரும் பேசலயேன்னு வந்தேன். தையல்ல சீழ் வைக்கிறதுக்குப் பைக் கசிவும் ஒரு காரணமுங்க. சிறுகுடல் வாயில வர்றது தண்ணியா இருக்கும், அதுல கிருமியும் இருக்கு, தோலைக் கரைக்கிற செரிமான நீரும் இருக்கு. பைத்தட்டோட (பையைத் தோல்ல ஒட்டற தட்டு) ஓரம் தூக்கி, நடுவயித்துத் தையல் பக்கம் ஒழுகினாக் கட்டுத்துணி அதை உறிஞ்சி ராத்திரி பூரா தையல் மேலயே வெச்சிருக்கும்.

பை மூணுல ஒரு பங்கு ரொம்பினதும் காலி பண்ணிரணும். பாதிக்கு மேல போனா எடை இழுத்துத் தட்டு பிரியும். ஓட்டை வெட்டும்போது அளவு அட்டையை வெச்சுப் பாருங்க. குடல்வாயை விட 2, 3 மி.மீ. மட்டும் பெருசா இருக்கட்டும். அதுக்கு மேல இடம் விட்டா அந்த வளையத்துல தோல் வெந்துரும். முதல் ஆறேழு வாரம் வீக்கம் வடிஞ்சு குடல்வாய் சின்னதாகிட்டே வரும், ஆஸ்பத்திரியில வெட்டிக் குடுத்த அளவையே பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. வாரம் ஒருக்கா அளந்து பாருங்க.

மாத்துறது 3, 4 நாளைக்கு ஒருக்கா, காலையில வெறும் வயித்துல. சாப்பிட்டு அரை மணி நேரத்துல மாத்துனா நடுவுலயே பொங்கி வந்து தட்டு ஒட்டாது. சுத்தம் பண்ண வெதுவெதுப்பான வெறும் தண்ணி, மெத்துனு ஒரு துணி, அவ்வளவுதான். டெட்டால் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். தேங்கெண்ணெய் தடவுனாத் தட்டு வழுக்கிட்டு வந்துரும். மஞ்சள் குழைச்சுப் போடறேன்னு பாட்டி வந்தா, மரியாதையாச் சொல்லித் தடுத்துருங்க. தையல் மேலயும் கூடாது.

குடல்வாய் நிறம் வாய்க்குள்ள இருக்கற மாதிரி இளஞ்சிவப்பா, ஈரமா இருக்கணும். நாவல்பழ நிறமாவோ கருப்பாவோ போச்சுன்னா அன்னைக்கே காட்டணும்.

மலைச்சித்தப்பா (இரவு 7:55)
பை மாத்துறதும் கட்டு மாத்துறதும் ஒரே நேரத்துலயா அக்கா?

பைமாத்து_அக்கா (இரவு 8:04)
ஒரே நேரத்துல பண்ணலாம், வரிசை முக்கியம். தையல் கட்டு மூடியே இருக்கட்டும், முதல்ல பையை மாத்துங்க. புதுத்தட்டை ஒட்டி உள்ளங்கையால ரெண்டு நிமிஷம் அணைச்சுப் பிடிங்க, சூட்டுல நல்லா ஒட்டும். அப்புறம் கையுறையைக் கழட்டி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிட்டுத்தான் தையல் கட்டைத் திறக்கணும். தையல் திறந்து கெடக்கும்போது பையைக் கழட்டுனா, அந்த நேரம் பாத்துத்தான் பீய்ச்சி அடிக்கும்.

நம்ம பிள்ளைங்க நிறத்துல தையல் ஓரம் சிவக்கறது லேசுல கண்ணுக்குத் தெரியாதுங்க. புறங்கையை வெச்சுப் பாருங்க: தையலுக்கு ஒரு இஞ்ச் தள்ளி இருக்கற தோலை விடச் சூடா இருக்கா, விரலுக்குக் கெட்டியாப் படுதா, பளபளன்னு இழுத்துக்கிட்டு நிக்குதா. சந்தேகம்னா அந்தக் கெட்டியோட ஓரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால கோடு போட்டு, நேரம் எழுதி வெச்சுருங்க. 6 மணி நேரத்துல கோட்டைத் தாண்டிப் போச்சுன்னா போன்ல போட்டோ அனுப்பிட்டுக் கிளம்புங்க.

சந்தேகராமன் (இரவு 8:20)
எல்லாம் சரி. ஆனா இந்தத் தொற்றுக்கெல்லாம் மூலகாரணம் அந்த இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசிதானே? அதைப் போடாம நேரா ஆபரேஷன் பண்ணியிருந்தா?

நூலும்_ஊசியும் (இரவு 8:41)
அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஆபரேஷனுக்கு முன் போட்ட இன்ஃப்ளிக்ஸிமாப் தொற்றைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. பெரியவர்களை ஆபரேஷனிலிருந்தே தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில் தனிக் காரணமாக அது தேறவில்லை. ஸ்டீராய்டு விஷயத்தில் அந்தக் குழப்பம் கிடையாது: நாள் கூடக்கூட, அளவு கூடக்கூட, காயம் ஆறுவது தள்ளிப்போகும், தொற்று கூடும். அதோடு ரத்தச்சோகை, குறைந்த ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), எடைக் குறைவு. மருந்து கேட்காத நோயோடு வாரக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு அவசரமாக மேசைக்குக் கொண்டுவருவதுதான் இருப்பதில் மோசம்.

அதனால்தான் இவளுக்கு மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் நோயுள்ள பெருங்குடலை எடுத்துவிட்டு, ஸ்டீராய்டை முழுசாக நிறுத்தி, சாப்பிட வைத்து, எடை ஏற்றி, சில மாதம் கழித்துத்தான் பவுச் (மலக்குடலுக்குப் பதிலாகச் சிறுகுடலை மடித்துத் தைக்கும் பை). பலவீனமான உடம்பில் ஒரே மூச்சில் பவுச் வைத்து அது கசிந்தால், இடுப்புக்குள் சீழ் பிடித்துப் பவுச் தழும்பேறி விறைத்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க அது சரியாக விரியாது.

மாத்திரைப்பட்டை (இரவு 9:02)
ஸ்டீராய்டு தொற்றைக் கூட்டும்னு இதைப் படிச்சுட்டு யாரும் சட்டுன்னு நிறுத்திடாதீங்க. பல வாரம் வெளியில இருந்து ஸ்டீராய்டு போனா, அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிடும். திடீர்னு நிறுத்தினா வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். பாக்க அப்படியே ரத்தத்துல கிருமி பரவின மாதிரி இருக்கும். மாத்திரை போட்டு அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா திரும்பக் கொடுக்கணும். அதுவும் நிக்கலன்னா ஊசியா ஏத்தணும், வீட்டுல வேலை இல்லை. அவசரத்துக்குப் போற இடத்துல முதல் வரியே "குழந்தைக்கு ஸ்டீராய்டு ஓடிட்டிருக்கு"ன்னு சொல்லுங்க.

பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 30 கிலோவுக்கு 450 மி.கி., 6 மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு 4 தடவைக்கு மேல வேண்டாம். சிரப் பாட்டில்ல 5 மி.லி.க்கு 120ஆ 250ஆன்னு படிச்சுட்டு ஊத்துங்க. 250ன்னா 9 மி.லி. ஒவ்வொரு தடவையும் காய்ச்சலும் நாடியும் எழுதின பிறகுதான் மருந்து. முதல்ல மருந்தைக் கொடுத்துட்டு அப்புறம் தெர்மாமீட்டர் வெச்சா, இருக்கற ஒரு அடையாளமும் போச்சு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் பக்கமே போக வேண்டாம்.

வீட்டுல மிச்சம் இருக்கற செஃபிக்ஸிம் கொடுக்காதீங்க. குடல்ல இருந்து வர்ற காத்து இல்லாம வளர்ற கிருமிகளை அது பிடிக்காது. கல்ச்சர்ல (கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) மட்டும் எதுவும் வளராமப் பண்ணிடும். மீதமிருக்கற நல்ல கிருமியைக் கொன்னு க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்ங்கிற கெட்ட குடல்கிருமிக்கு இடம் விடும்.

இன்னொண்ணு: மெதுவாக் கரையற மாத்திரை, மேல்பூச்சு போட்ட மாத்திரை எல்லாம் பையில முழுசா வந்து விழலாம். பையைக் காலி பண்ணும்போது மாத்திரை கண்ணுல பட்டாச் சொல்லுங்க, வேற வடிவத்துல மாத்திக்கலாம்.

ஜவ்வரிசி (இரவு 9:30)
சாப்பாடு. "முட்டை, மீன், கத்தரிக்காய் சாப்பிட்டாச் சீழ் வைக்கும்"னு பத்தியம் போட்டு ரசஞ்சோறு மட்டும் ஊட்டறது நம்ம பக்கம் வழக்கம். காயம் ஆற விடாம அந்தப் பத்தியமே கெடுக்கும். தோல் மூட புரதம் வேணும். இவளுக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஒன்றரைல இருந்து 2 கிராம், அப்படின்னா 45 முதல் 60 கிராம். ஒரு முட்டையில 6 கிராம் வரும். ரெண்டு முட்டை, ஒரு கை தோலெடுத்த கோழி, தயிர், குழைஞ்ச பாசிப்பருப்புன்னு பிரிச்சா எட்டும். முட்டை, கோழி எல்லாம் நல்லா வெந்திருக்கணும், அரைவேக்காடு ஆகாது.

பையில தண்ணியாக் கொட்டுனா நம்ம சேலத்துச் சரக்கே கைகொடுக்கும். ஜவ்வரிசிக் கஞ்சி, உப்புப் போட்டது. மரவள்ளி மாவுச்சத்து வர்றதைக் கெட்டியாக்கும். தட்டுவடை செட்டு மட்டும் ரெண்டு மாசத்துக்குக் கண்ணுல காட்டாதீங்க. துருவின பச்சைக் கேரட்டும் பீட்ரூட்டும் குடல்வாய்ல போய் அடைக்கும், கழுவாத கை வேற.

ஒரு நாளைக்குப் பையில வர்றதை அளவு ஜக்குல ஊத்தி எழுதுங்க. கிலோவுக்கு 20 மி.லி., அதாவது இவளுக்கு 600க்கு மேல போச்சுன்னா உப்பும் தண்ணியும் வற்றும். இளநீரால ஈடுகட்ட முடியாது. அதுல பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கம்மி. உப்புச்சர்க்கரைக் கரைசல்தான். சின்ன பாக்கெட் 200 மி.லி.க்கு, பெருசு 1 லிட்டருக்கு. பெரிய பாக்கெட்டைத் டம்ளர்ல கரைச்சுக் கொடுத்துட்டா வயித்துப்போக்கு இன்னும் கூடும்.

மலை ஊத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும். அங்க 95 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், ஆனாலும் தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சாப் போதும்.

நூலும்_ஊசியும் (இரவு 9:44)
அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பையில் திடீரென்று இரட்டிப்பாக வந்தால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். வயிற்றுக்குள் சீழ் இருந்தாலும் வெளிவருவது கூடும், ஸ்டீராய்டைச் சட்டென்று குறைத்தாலும் கூடும். தொற்று இல்லை என்று பார்க்காமல், போக்கைக் குறைக்கும் லோபெரமைடு கொடுக்கக் கூடாது. மாறாக 6 மணி நேரம் எதுவுமே வராமல் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்தால் அடைப்போ குடல் செயலிழப்போ இருக்கும். அப்போது வாய் வழியாக எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, தொற்று இல்லாத காய்ச்சல். பெருங்குடல் எடுத்த பின் ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைவது உண்டு. மந்தமான வயிற்றுவலி, லேசான காய்ச்சல், கல்ச்சரில் எதுவும் இல்லை என்றால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கேட்கலாம்.

வளைவு20 (இரவு 10:05)
ஆம்புலன்ஸ் பக்கத்துல இருந்து சொல்றேன். நாகலூர்ல இருந்து ஏற்காடு, அங்க இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி பனிமூட்டத்துல வண்டி ஊர்ந்துதான் வரும். மழையில பாறை உருண்டா குப்பனூர் வழியாச் சுத்தணும். 108 கூப்பிட்டு, வண்டி மேல வந்து, திரும்ப இறங்கறதுக்குள்ள விடிஞ்சிரும். அதனால சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவை எல்லாத்தையும் அளந்து முடிவெடுங்க. 4 மணிக்கு லேசாச் சந்தேகம்னா அப்பவே இறங்கிருங்க. ராத்திரி 11க்கு உறுதியாத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?

என்னைக் கேட்டா முதல் ரெண்டு வாரம் மேல போகவே வேண்டாம். அடிவாரத்துலயோ டவுனுக்குள்ளயோ சொந்தக்காரங்க வீடு பாருங்க. எந்நேரமும் ஜி.எச். கால் மணி தூரத்துல இருக்கும்.

எப்ப ஏறினாலும் அடிவாரத்துல பையைக் காலி பண்ணி காத்தையும் வெளியேத்திருங்க. மேல போகப்போக காத்தழுத்தம் குறையும், பை சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பிக்கும். வளைவுல பிள்ளை வாந்தி எடுக்கற நேரம் பார்த்துத் தட்டும் பிரியும். வயித்துல ஒரு சின்னத் தலையணையை அணைச்சுக்கிட்டு உக்காரட்டும்.

சந்தேகராமன் (இரவு 10:12)
அடுத்த கட்டங்கள்லயும் இதே கணக்குதானா?

நூலும்_ஊசியும் (இரவு 10:35)
இல்லை. இரண்டாம் கட்டத்தில் மலக்குடலை எடுத்து, சிறுகுடல் நுனியை 'ஜெ' போல மடித்துப் பவுச் தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள். அங்கேதான் கசிவும் இடுப்புச் சீழும். மேலே வைக்கும் தற்காலிகக் குடல்வாய் கசிவைத் தடுக்காது, கசிந்தால் மலம் அந்த வழியே போகாமல் சேதத்தைக் குறைக்கும். மூன்றாவதில் குடல்வாயை மூடும்போது தோலை முழுசாகத் தைக்காமல், சுருக்குப்பை வாயை இழுப்பது போல் சுற்றித் தைத்து நடுவில் சின்ன ஓட்டை விடுவது நல்லது. ஓட்டை மூடவில்லையே என்று வீட்டில் பயப்படுவார்கள். நீர் வடிவதற்காக வேண்டுமென்றே விட்டது அது. அந்த முறையில் தொற்று குறைவு.

அதற்கப்புறம் வருவது பவுச்சைட்டிஸ், அதாவது பவுச்சில் வரும் அழற்சி. அடிக்கடி, அவசரமாக, வலியோடு போவது. சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல் இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அது இப்போதைய கவலை இல்லை.

மலைச்சித்தப்பா (இரவு 10:50)
எல்லாருக்கும் நன்றிங்க. அடிவாரத்துல மச்சான் வீட்டுல ரெண்டு வாரம் வெச்சுக்கலாம்னு வீட்டுல பேசியாச்சு. ஒரே சிக்கல், அவங்க சின்னவனுக்கு நேத்து அம்மை போட்டிருக்காம், கொப்புளம் கொப்புளமா. தனி ரூம்ல இருந்தாப் பரவாயில்லையா? முந்தாநாள்தான் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து இவகூட ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான், அப்ப நல்லாத்தான் இருந்தான்.

நூலும்_ஊசியும் (இரவு 10:53)
அந்த வீடு வேண்டாம். ஆனால் அதைவிட அவசரம் முந்தாநாள் நடந்தது. கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். அவன் வந்தது அந்தக் கணக்குக்குள்தான். ஸ்டீராய்டும் இன்ஃப்ளிக்ஸிமாபும் உள்ள குழந்தைக்கு அது நுரையீரல், ஈரல் வரை போகும்.

இப்போதே வார்டு டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். அவளுக்கு முன்பு அம்மை வந்ததா, வேரிசெல்லா தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டதா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்புப் புரதம்) ஊசியைப் பற்றிப் பேசுவார்கள். 96 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 10 நாள் வரை போடலாம். கிடைக்காவிட்டால் அசைக்ளோவிர் தடுப்பு முறை இருக்கிறது. தடுப்பூசியை இப்போது போடக் கூடாது, அது உயிருள்ள கிருமி. வார்டில் மற்றக் குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சொல்லியாக வேண்டும்.

மலைச்சித்தப்பா (இரவு 11:31)
சொல்லியாச்சு. அட்டையில ஒரு டோஸ்தான் இருக்கு. ரத்தம் எடுத்திருக்காங்க, தனி ரூமுக்கு மாத்தறாங்க. கொண்டலாம்பட்டியில அத்தை வீடு காலியா இருக்கு, குழந்தைங்க யாரும் இல்ல, பாத்ரூம் உள்ளேயே இருக்கு. தூக்கத்துல நாடி 84ங்க, எழுதி வெச்சுட்டேன்.